நஞ்சுக்கொடியின் கொடுக்கல் வாங்கல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். மகப்பேறு மருத்துவத்திலேயே வாழ்நாளைக் கழித்தவள் நான். தாய்ப்பாலைப் பற்றியும் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் தாய்க்கும் சேய்க்கும் நடுவில் நின்று உழைத்துவிட்டு, குழந்தை பிறந்த அரை மணி நேரத்துக்குள் தானும் வெளியேறிவிடும் ஓர் உறுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த நஞ்சுக்கொடியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. கர்ப்பிணியைப் பார்த்து, "சரியாச் சாப்பிடறியாம்மா? மாத்திரை போடறியா?" என்று கேட்டால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் நிற்கும் மாமியாரோ அம்மாவோ பதில் சொல்லிவிடுவார்: "இவ எங்கங்க சாப்பிடறா! பரவாயில்ல, வயித்துல இருக்கிறது தனக்கு வேணுங்கறத எப்படியும் எடுத்துக்கும்." இது படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவர்களும் நெடுங்காலம் இப்படித்தான் நம்பினார்கள். தாயின் எலும்பைக் கரைத்தாவது, ரத்தத்தை உறிஞ்சியாவது கரு தன் பங்கைப் பெற்றுவிடும் என்றே எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். இந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே ஆபத்தானது என்பதைச் சொல்லத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த உறுப்பைக் கண்ணால் பார்த்துவிடுவோம். குழந்தை பிறந்தபின் நஞ்சு விழுந்ததும் அதைத் தட்டில் வைத்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஏறத்தாழ அரை கிலோ எடை, ஒரு சாண் அகலம், நடுவில் இரண்டு விரற்கடைத் தடிமன். குழந்தைப் பக்கம் பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும். தொப்புள்கொடி வந்து சேரும் இடத்திலிருந்து நீலம்பாரித்த ரத்தக்குழாய்கள் நாலாபுறமும் கிளைத்து ஓடும். தட்டைத் திருப்பினால் தாயின் பக்கம். கருஞ்சிவப்பில், பதினைந்து இருபது திட்டுகளாகப் பிளவுபட்டு, தொட்டால் ரத்தம் கசியும் சதை. ஒரு திட்டு குறைந்தாலும் அது கருப்பைக்குள் தங்கிவிட்டது என்று பொருள். தாயின் உயிருக்கு அது ஆபத்து என்பதால் ஒவ்வொரு திட்டையும் விரலால் சேர்த்துப் பார்த்துத்தான் கீழே வைப்போம். கொடியை வெட்டிய முகப்பில் மூன்று துளைகள் தெரியும்: இரண்டு தமனிகள், ஒரு சிரை. நம் உடலில் நல்ல ரத்தம் தமனியில் ஓடுகிறது. இங்கே ஆக்சிஜனும் சத்தும் நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுபோவது அந்த ஒற்றைச் சிரை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் பெரும்பகுதி குழந்தையுடையது. கருவுற்ற அதே ஒற்றைச் செல்லிலிருந்துதான் குழந்தையும் உருவாகிறது, நஞ்சுக்கொடியும் உருவாகிறது. தகப்பனின் மரபணுக்களும் அதில் இருக்கின்றன. தாய்க்கு ஒருவகையில் அந்நியமான ஓர் உறுப்பு அவள் கருப்பைச் சுவரில் வேர்விட்டு மாதக்கணக்கில் இருக்கிறது, அவள் உடல் அதைத் தள்ளிவிடுவதில்லை.

தாயின் ரத்தம் குழந்தையின் உடலுக்குள் ஓடுகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹன்ட்டர், ஜான் ஹன்ட்டர் என்ற சகோதரர்கள் கர்ப்ப காலத்தில் இறந்த பெண்களின் கருப்பைகளில் வண்ண மெழுகை உருக்கிச் செலுத்திப் பார்த்தார்கள். தாயின் குழாய்களில் ஏற்றிய மெழுகு நஞ்சுக்கொடியின் இடைவெளிகளை நிரப்பி நின்றது. குழந்தையின் குழாய்களுக்குள் நுழையவில்லை. இரண்டு ரத்தங்களும் தனித்தனி என்பது அப்படித்தான் தெளிவாயிற்று. வில்லியம் 1774இல் வெளியிட்ட, கர்ப்பம் தாங்கிய கருப்பை பற்றிய பெரும் படநூல் இன்றும் வியப்பூட்டுவது. கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் பிற்பாடு பகைத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் பெண்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. அந்த நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

ரத்தங்கள் கலப்பதில்லை என்றால் சத்து எப்படிக் கடக்கிறது? நஞ்சுக்கொடிக்குள் குழந்தையின் ரத்தக்குழாய்கள் நுண்ணிய விரல்களாகக் கிளைத்துக் கிளைத்து இறங்குகின்றன. அவற்றை விரலிகள் என்போம். ஆலமரத்து விழுதுகள் குளத்து நீரில் அமிழ்ந்து கிடப்பதைப் போல, அந்த விரலிகள் தாயின் ரத்தம் தேங்கி நகரும் இடைவெளியில் அமிழ்ந்து கிடக்கின்றன. நிறைமாதத்தில் எல்லா விரலிகளின் மேற்பரப்பையும் விரித்தால் 10 முதல் 14 சதுர மீட்டர் வரும். நூறு சதுர அடிக்கும் மேல். கருப்பைக்கு அப்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறையாமல் ரத்தம் பாய்கிறது. இரண்டு ரத்தங்களையும் பிரிக்கும் சுவர் பல இடங்களில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான்.

இந்த அமைப்பு என்றைக்குக் கட்டப்படுகிறது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதே இல்லை. கருவின் செல்கள் கருப்பைச் சுவரைத் துளைத்துச் சென்று, அங்குள்ள சுருள் தமனிகளின் வாயை அடைத்துவிடுகின்றன. அந்த நாட்களில் கருவுக்கு உணவு கருப்பைச் சுவரின் சுரப்பிகளிலிருந்து கசியும் நீர். சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாம் கலந்த அந்த நீரை உண்டுதான் கரு வளர்கிறது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதே, உறுப்புகள் உருவாகும் அந்தக் கட்டத்தில் மென்மையான திசுக்களுக்குப் பாதுகாப்பு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதே காலத்தில் அந்தச் செல்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. சுருள் தமனிகளின் சுவரிலுள்ள தசையைக் கரைத்து, சுருங்க முடியாத அகன்ற குழாய்களாக மாற்றுகின்றன. பிறகு அடைப்பு விலகும்போது தாயின் ரத்தம் சீறிப் பாயாமல், நிதானமாக வந்து விரலிகளை நனைக்கிறது. இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிட்டால் அதன் விலையை ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில் கொடுக்க நேரிடும். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், சிறுநீரில் புரதம் போகும், வலிப்புவரை போகலாம். குழந்தை வளர்ச்சி குன்றும். எட்டாம் மாதத்தில் எவ்வளவு பழமும் முட்டையும் கொடுத்தாலும், வரும் வழியே குறுகலாக இருந்தால் அந்தக் குழந்தை எப்படி எடுத்துக்கொள்ளும்?

இனி அந்தச் சுவரைப் பார்ப்போம். விரலிகளைப் போர்த்தியிருக்கும் மேலுறை கோடிக்கணக்கான உட்கருக்கள் கொண்ட, நடுவில் எல்லைக்கோடே இல்லாத ஒரே செல். தனிச்செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருகி அப்படி ஆகின்றன. அவற்றை இணைக்கும் புரதத்தின் பெயர் சின்சிட்டின். நம் மூதாதை விலங்குகளைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுப்போன மரபணுவிலிருந்து அது உருவாகிறது என்று 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். செல்களோடு ஒட்டிக்கொள்ள அந்த வைரஸ் வைத்திருந்த கருவி இன்று ஒவ்வொரு மனிதக் கருவையும் தாயோடு ஒட்டவைக்கிறது.

இடைவெளியே இல்லாத செல் என்பதால், எந்தச் சத்தும் இடுக்கில் நுழைந்து அவ்வளவு எளிதாகப் போய்விட முடியாது. பெரும்பாலானவை அந்தச் செல்லுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறித்தான் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வாயில், தனிக் கணக்கு. ஆக்சிஜன் தானாகவே ஊடுருவும். குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் தாயினுடையதைவிட அதிகம் என்பதால் குறைந்த அளவிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அமினோ அமிலங்கள் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றும் வேலை அது, ஆற்றல் செலவாகும். அந்த ஆற்றலுக்காக நஞ்சுக்கொடி தானும் உண்கிறது. கருப்பைக்கு வந்து செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸிலும் பெரும்பங்கு அதற்கே. குழந்தைக்குப் போவது அதன் செலவு போக மிஞ்சியதுதான்.

குளுக்கோஸின் வழி வேறு. அதற்கென உள்ள கடத்திப் புரதங்கள் வழியாக, அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அது இறங்குகிறது. ஆற்றல் செலவில்லை. அதனாலேயே கட்டுப்பாடும் குறைவு. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். ஆனால் தாயின் இன்சுலின் அந்தச் சுவரைக் கடப்பதில்லை. சர்க்கரை வருகிறது, அதை ஆளும் இன்சுலின் வருவதில்லை. குழந்தை தன் கணையத்திலிருந்தே இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது. நாலு கிலோ, நாலரை கிலோ என்று பிறக்கும் குழந்தையைப் பார்த்து வீட்டார் மகிழ்வார்கள். அது பிறந்த சில மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கித் துவண்டுபோகும் ஆபத்தில் இருப்பது எங்களுக்குத்தான் தெரியும். கோபன்ஹேகனின் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இதை விளக்கினார்.

இங்கே நம் சென்னையின் பங்கைச் சொல்லாமல் போக மாட்டேன். டாக்டர் வீ. சேஷய்யா, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியவர். சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், சர்க்கரை அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை தேவை என்று எளிமையாக்கினார். வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வா என்று ஒரு கிராமத்துக் கர்ப்பிணியிடம் சொன்னால் அவள் மறுமுறை வர மாட்டாள். அதை உணர்ந்தவர் வகுத்த முறை இது. நாட்டின் வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது.

தாய்க்கு ஏன் சர்க்கரை ஏறுகிறது என்பதிலும் நஞ்சுக்கொடிக்குக் கை உண்டு. அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைத் தணிக்கின்றன. தாயின் தசைகள் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகின்றன. மிஞ்சும் சர்க்கரை குழந்தைக்கு. வந்ததை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல், தாயின் உடலையே தனக்கேற்பத் திருப்பிவிடுகிறது இந்த உறுப்பு. பெரும்பாலான தாய்மார்கள் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சமாளிக்கிறார்கள். ஏற்கெனவே நீரிழிவுக்குச் சாய்ந்த உடலுக்கு அது முடிவதில்லை. "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று சோற்றைக் கூட்டி வைக்கும் வீட்டில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது.

"எடுத்துக்கும்" என்ற நம்பிக்கை பெரும்பாலும் உண்மையாவது கால்சியத்தில். குழந்தை நிறைமாதத்துக்குள் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் சேர்க்கிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதங்களில். தாயின் ரத்தத்தில் குறைந்தாலும் நஞ்சுக்கொடி இழுத்து ஏற்றிவிடும். தாயின் குடலும் உணவிலிருந்து கால்சியத்தை ஏறத்தாழ இருமடங்காக உறிஞ்சத் தொடங்கும். உணவில் அது இருந்தால் எலும்பில் கைவைக்க வேண்டியது குறையும். பாலும் கேழ்வரகும் இல்லாத வீட்டில் தாயின் எலும்பிலிருந்து போகும்.

இரும்பின் கதை இப்படி இல்லை. ஒரு கர்ப்பத்துக்குத் தேவையான இரும்பு மொத்தம் ஒரு கிராம் அளவு. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300 மில்லிகிராம், தாயின் பெருகும் ரத்தத்துக்கு 500. மீதி அன்றாட இழப்பு. தாயின் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைச் சுமந்துவருகிறது. விரலியின் மேலுறை அதைச் சுமையோடு சேர்த்து உள்ளே விழுங்கி, அமிலத்தால் இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலியான புரதத்தைத் தாயின் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கழற்றிய இரும்பு மறுபக்கம் ஃபெர்ரோபோர்ட்டின் என்ற வாயிலின் வழியே குழந்தையை அடைகிறது. போன இரும்பு திரும்புவதில்லை. தாய்க்குக் குறைவு லேசாக இருந்தால் நஞ்சுக்கொடி வாங்கும் வாயில்களைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கும். இதுவரை மாமியார் சொன்னது சரிதான். குறைவு கடுமையானால், எலிகளிலும் மனித நஞ்சுக்கொடிச் செல்களிலும் நடந்த அண்மை ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. குழந்தைப் பக்கத்து வாயில் குறைகிறது. நஞ்சுக்கொடி தன் உயிரைத் தக்கவைக்க இரும்பைத் தனக்கே நிறுத்திக்கொள்கிறது. அது செத்தால் எல்லாமே போய்விடும் அல்லவா?

வந்து சேரும் குறைந்த இரும்பிலும் முதல் உரிமை குழந்தையின் சிவப்பணுக்களுக்கு. மூளைக்கும் ஈரலின் சேமிப்புக்கும் அடுத்துத்தான். அதனால் பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபின் சரியாகவே தெரியலாம், சேமிப்பு மட்டும் காலியாக இருக்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை கருப்பையில் சேர்த்ததைத்தான் செலவழிக்க வேண்டும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் "எடுத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காபி, டீயோடு போடக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு போட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் விழுங்கினால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், அதற்கு வேறு வேளை ஒதுக்க வேண்டும். இதைக் கர்ப்பிணியிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் அந்த இரண்டு நிமிடத்துக்காக நாம் போராட வேண்டியிருக்கிறது.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, கலவை சாதங்கள் ஊட்டி, தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டு. இரும்பும் கால்சியமும் கொழுப்பும் குழந்தைக்கு வேகமாகப் போய்ச் சேரும் காலமும் அதுவே. நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஐ.ஜி.ஜி. என்ற வகையையும் அப்போதுதான் நஞ்சுக்கொடி மிகுதியாகக் கடத்துகிறது. தாய்க்குப் போட்ட டெட்டனஸ் தடுப்பூசி குழந்தையைக் காப்பது இந்த வழியில்தான். பிறந்த குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த டெட்டனஸை இந்தியா ஒழித்ததாக 2015இல் அறிவிக்க முடிந்ததில் இந்த வாயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. தாய்வீட்டில் அவளுக்கு ஓய்வும் கீரையும் முட்டையும் கிடைத்தால் அந்த வழக்கத்தை நான் மனமாரப் போற்றுவேன். வளைகாப்புவரை காத்திருப்பதுதான் தவறு.

தொடக்க மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பஞ்சம் காட்டியது. 1944 இறுதியிலிருந்து 1945 மே வரை, ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம். உச்சத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 400 முதல் 800 கலோரி. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறந்தன. தொடக்க மாதங்களில் பட்டினி கிடந்து, பிறகு உணவு கிடைத்தவர்களின் குழந்தைகள் சரியான எடையோடு பிறந்தன. அவர்களுடைய நஞ்சுக்கொடி, ஈடுகட்டும் விதத்தில் பெரிதாக வளர்ந்திருந்தது. எல்லாம் சரியாகிவிட்டதாகத்தான் தோன்றியது. அந்தக் குழந்தைகள் ஐம்பது வயதைத் தொட்டபோது, இதயநோய் அவர்களில் மற்றவர்களைவிட அதிகம் இருந்ததைக் கண்டார்கள்.

நம் நாட்டில் புணேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் அந்த நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து வருகிறார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன, தோலடிக் கொழுப்பு மட்டும் குறையவில்லை. தாய்மார்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் பி12 குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யாத போக்குத் தெரிந்தது. ஒரு சத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாலும் தயிரும் முட்டையும் மீனும் தாயின் தட்டுக்கு வர வேண்டும்.

அவை எப்போது வர வேண்டும் என்பதும் முக்கியம். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் ஐயப்படத் தொடங்கும் காலம் அது. மசக்கை வந்து, வீட்டில் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்து, அதற்கு வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையைக் கையில் வாங்கும்போது அந்தக் கதவு மூடியாயிற்று. சுருள் தமனிகளின் வேலையும் பாதி நடந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கான அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தரும் பணமும் சத்துப் பெட்டகமும் நல்ல உதவிகள். அவை வந்துசேரும் நேரத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. மாணவியரே, உங்களில் எத்தனை பேர் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு இந்த அரங்குக்கு வந்திருக்கிறீர்களோ! உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? திருமணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், தாயானாலும் ஆகாவிட்டாலும் அது உங்கள் ரத்தம், உங்கள் உடல்நலம். முதலில் உங்களுக்காகவே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி தடுத்து நிறுத்தாதவற்றையும் குறிப்பிட வேண்டும். மது கடந்துபோகும், நிகோடின் போகும், ஈயம் போகும். 1950களின் இறுதியில் மசக்கைக்கு நல்லது என்று விற்ற தாலிடோமைடு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறைபாட்டோடு பிறக்கவைத்தது. மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்த மாதங்களிலாவது விட்டுவிட வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் உடனே முடிந்துவிடுவதில்லை. குழந்தை வெளியே வந்த தருணத்தில் அதன் ரத்தத்தில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுக்கொடிக்குள் இருக்கிறது. கொடி துடித்துக்கொண்டிருக்கும். உடனே கவ்வி போட்டு வெட்டிவிட்டால் அந்த ரத்தம் தட்டுக்குப் போய்விடும். ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால் 80 முதல் 100 மில்லிலிட்டர் ரத்தம் குழந்தைக்கு வந்துசேரும். மூன்று கிலோ குழந்தைக்கு அது மிகப் பெரிய அளவு. அதிலுள்ள இரும்பு ஆறு மாதச் செலவுக்குக் கைகொடுக்கும். ரத்தசோகை உள்ள தாயின் குழந்தைக்கு இந்த இரும்பு இன்னும் அவசியம். உலக சுகாதார நிறுவனமும் இப்படிப் பொறுத்துக் கொடியைக் கவ்வுவதையே எல்லாப் பிரசவங்களுக்கும் பரிந்துரைக்கிறது. இதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், பணம் வேண்டாம். பிரசவ அறையில் அடுத்த கட்டிலில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த ஒரு நிமிடம் நிற்பது கடினம்தான். இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர் பயிற்சி மாணவியரிடம் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்கத்தான் நான் வந்தேன்.